கன்னிக்காலுக்கு வெட்டிய செர்ரிக் கொப்பு

என் பிள்ளைக்கு,

நேற்று நீ அனுப்பிய செய்தியைப் பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன். வால்தம்ஸ்டோவில் வாங்கிய வீட்டின் பின்வளவைப் படம் எடுத்து அனுப்பி, இதில் எந்த மூலையில் செர்ரி வைத்தால் நல்லது என்று கேட்டிருந்தாய். வருகிற சனிக்கிழமை மண்வெட்டியோடு மிட்சம் வீட்டுக்கு வருகிறேன், அப்பாவின் மரத்தடியில் முளைத்திருக்கும் தளிர்களில் ஒன்றை வேரோடு கிளப்பிக்கொண்டு போகப் போகிறேன் என்றும் எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு சிரிப்புப் படம். நீ எனக்குச் சிரிப்புப் படம் அனுப்பி இரண்டு வருடம் இருக்கும். பிறகு நீ டெலிபோன் எடுத்தபோது அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குளித்துக்கொண்டிருந்தேன் என்று பொய் சொன்னேன்.

அது சின்னப் பொய். அந்தத் தளிரைப் பற்றி வேறொரு பொய் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமைக்கு முன்னால் அதை நான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால், அப்பாவிடமிருந்து உனக்கு மிச்சம் இருப்பதாக நீ நம்புகிற ஒரே பொருளையும் உன் கையிலிருந்து நான் பிடுங்க வேண்டிவரும். ஒப்புக்கொள்ளாவிட்டால், அந்தப் பொய்க்கு நீ உன் வீட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாய். ஏழு மாதமாக இரண்டையும் மாறி மாறி யோசித்துப் பார்த்துவிட்டேன். மூன்றாவது வழி ஒன்றும் தெரியவில்லை.

தமிழில் எழுதுவதற்கு நீ கோபிக்கக் கூடாது. உனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்று தெரியும். அழ அழ உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போன சனிக்கிழமைகளுக்கு இன்றைக்காவது ஒரு பலன் இருக்கட்டும். என் ஆங்கிலம் கடைக்கும் கவுன்சிலுக்கும் போதும், இதற்குப் போதாது. அதோடு, ஆங்கிலத்தில் எழுதினால் ரயிலில் நின்றபடியே வாசித்து முடித்துவிடுவாய். இதை நீ கதிரையில் இருந்து, மெதுவாக வாசிக்க வேண்டும்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் எதையாவது உருப்படியாகச் சொல்லக் கூடியது அது ஒன்றுதான். நீ அனுப்பிய படத்தில் இடது பக்கம், சாமான் கொட்டிலுக்குப் பக்கத்தில், புல் கருமையாகவும் பாசி பிடித்தும் இருக்கிறது. அந்த மூலை காற்றுக்கு மறைவாக இருக்கிறதென்று உனக்கு ஆசை வரும். அங்கே வைக்காதே. பாசி இருக்கிற இடத்தில் தண்ணீர் வடியாது. லண்டன் களிமண் தண்ணீரைப் பிடித்தால் விடாது, செர்ரி வேருக்கோ அதைப்போல எதிரி கிடையாது. முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு நித்திரைக்குப் போ. காலையில் குழியில் தண்ணீர் நின்றால் அந்த இடம் வேண்டாம். வேலிப் பக்கம், மத்தியானத்துக்குப் பிறகு வெயில் விழுகிற மேட்டில் வை. மேடு இல்லாவிட்டால் மண் கொட்டி மேடாக்கு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். ஒரு மரத்தைக் கொன்றுதான் தெரியும். உனக்கு நான்கு வயதாக இருக்கும்போது அப்பா முதல் செர்ரியைக் கொண்டுவந்தார். பஸ் ஓட்டி முடித்து வருகிற வழியில், சாக்கில் சுற்றிய ஒரு மொட்டைத் தடியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். இதற்கா காசு கொடுத்தீர்கள், வேலியில் பிடுங்கினால் சும்மாவே கிடைக்குமே என்று நான் கேட்டேன். அவர் போய்ப் பின்வளவின் பள்ளமான மூலையில் நட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் ஊரில் எங்கள் வீட்டில் கிணற்றடித் தண்ணீரும் குசினித் தண்ணீரும் வாழைக்குப் போகும், அப்படித்தான் நான் வளர்ந்தவள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பது எனக்கு இரத்தத்தில் ஊறியது. அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், கிண்ணம் கழுவிய தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோய் அந்தத் தடியின் தலையில் ஊற்றினேன். மழை பெய்கிற நாளிலும் ஊற்றினேன். இரண்டாவது வசந்தத்தில் அது இலை விடவேயில்லை. அப்பா கிளப்பிப் பார்த்தபோது வேர் கறுத்து அழுகி மணத்தது. பக்கத்து வீட்டு டெரிக் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, தினமும் என்ன ஊற்றினீர்கள் என்று விசாரித்தார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சோறு போட்டு வளர்த்தோம் என்று டெரிக்கிடம் சொன்னார். என் பெயரை அவர் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

இரண்டாவது மரத்தை டெரிக்தான் சொல்லிக் கொடுக்க, அப்பா தெரிந்தெடுத்தார். டெரிக் கெண்ட் பக்கத்து ஆள், தாயும் தகப்பனும் செர்ரித் தோட்டத்தில் கூடை கூடையாகப் பழம் ஆய்ந்தவர்கள். தனியாக நின்று காய்க்கிற சாதி வாங்கு என்றார், இல்லாவிட்டால் பூத்துப் பூத்துக் கொட்டும், துணைக்கு இன்னொரு மரம் கேட்கும். அப்படி வாங்கியதுதான் ஸ்டெல்லா. உன் வளவும் எங்களுடையதைப் போல ஒற்றைக் கட்டில் அளவு என்பதால், நீயும் அதையே வாங்கு. வெயில் போதாவிட்டால் மொரெல்லோ என்று ஒரு புளிச் சாதி இருக்கிறது, அது நிழலிலும் காய்க்கும், ஆனால் நீ சின்ன வயதில் அதைத் துப்பியவள். வாங்கும்போது மரத்தின் பெயரை மட்டும் கேட்காதே, எந்த அடிமரத்தில் ஒட்டியது என்றும் கேள். செர்ரி எல்லாம் ஒட்டு மரம். கீழே வேர் ஒரு மரத்தினுடையது, மேலே பழம் தருவது வேறொரு மரம். அடிமரம் வீரியமானதாக இருந்தால் கூரைக்கு மேலே போய்விடும், உனக்கு ஆள் உயரத்தில் நிற்கிற குள்ள அடிமரம்தான் சரி. ஒட்டிய இடத்தில் ஒரு முடிச்சு இருக்கும். நடும்போது அந்த முடிச்சு மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.

மூன்றாவது வருடம் அது பதினொரு பழம் காய்த்தது. நீ எண்ணினாய். அப்பா ஒரு நாள் வேலைக்குப் போய் வருவதற்குள் பச்சைக் கிளிகள் ஒன்பதைத் தின்றுவிட்டன. லண்டனில் கிளி இருக்கிறதென்று சந்தோசப்பட்ட மனிசன் அன்றைக்குத்தான் கிளியைத் தூஷணத்தால் ஏசினார். அடுத்த வருடம் என்னைக் கேட்காமலே முன்னறை ஜன்னலின் வலைத் திரையைக் கழற்றி மரத்துக்குப் போர்த்துவிட்டார். தெருவில் போகிறவர்களுக்கு எங்கள் வீடு முழுவதும் தெரிந்தது, மரம் மட்டும் முக்காடு போட்டுக்கொண்டு நின்றது. நான் ஒரு கிழமை கத்தினேன். நீங்கள் இரண்டு பேரும் திரைக்குள்ளே புகுந்து நின்று பழம் தின்றீர்கள். பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் கறை. வலை போடு பிள்ளை, பழம் சிவக்கிறதுக்கு முன்னாலேயே போடு.

இனி வெட்டுகிற விஷயம். இதைத்தான் நான் தள்ளிக்கொண்டே வந்தேன். அப்பிளும் பெயார்ஸும் குளிர்காலத்தில் வெட்டலாம். செர்ரியை ஒருக்காலும் குளிர்காலத்தில் வெட்டக் கூடாது. ஈரக் குளிரில் வெட்டினால் புண் காயாது, அந்தப் புண்ணால் ஒரு பூஞ்சணம் உள்ளே இறங்கி மரத்தின் உடம்பு முழுவதும் பரவும். வெட்டுவதென்றால் ஆடி மாதம், வெயில் காயும்போது, பழம் ஆய்ந்த பிறகு. அப்பாவுக்கு இது பாடம். ஒவ்வொரு ஆடியிலும் ஏணி வைத்து, கத்தரிக்கோலைத் துடைத்துத் துடைத்து வெட்டுவார்.

உன் கலியாணம் மாசியில் வந்தது. உனக்குச் சடங்குகள் எல்லாம் ஒரே குழப்பமாக இருந்திருக்கும், அதனால் சொல்கிறேன். கலியாணத்துக்குச் சில நாள் முன்னால், மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்குகிற அதே நாளில், முருக்க மரத்துத் தடி ஒன்றை வெட்டி, மஞ்சளும் பட்டும் கட்டி, பெண் வீட்டிலும் ஈசான மூலையில் நடுவார்கள். அதுதான் கன்னிக்கால். அதை ஊன்றிவிட்டால் கலியாணம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இடையில் உறவில் ஒரு சாவு விழுந்தாலும் நிற்பாட்ட மாட்டார்கள். மிட்சமில் முருக்க மரத்துக்கு எங்கே போவது? பக்கத்து ரூட்டிங் கடைத்தெருவில் ஒரு தடியைச் சாடியில் நட்டு, கடதாசிப் பூச் சுற்றி விற்கிறார்கள், எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒற்றைப் பெண் பிள்ளையின் கலியாணத்துக்குக் கடைத் தடியா என்று நின்றேன். ஐயரிடம் டெலிபோனில் கேட்டபோது, உங்கள் வளவில் பூத்துக் காய்க்கிற மரம் எது நின்றாலும் அதன் கொப்பு போதும் என்றார். பூத்துக் காய்க்கிற மரம் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது.

அப்பா என்னோடு சண்டை பிடிக்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் கதவடியில் வழி மறித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்சேரும், மாரியில செர்ரியில கை வைக்கக் கூடாது. ஆடி மட்டும் பொறுத்தா நீர் காட்டுற கொப்பை வெட்டித் தாறன்."

"ஆடியில ஆரப்பா கலியாணம் வைக்கினம்?" என்று நான் கேட்டேன். "உங்களுக்குப் பிள்ளையை விட மரமே பெரிசு?"

அந்த மனிசனை அடக்கத்தான் அப்படிக் கேட்டேன். அப்போதும் அவர் நுனியில் ஒரு மெல்லிய குச்சியைத் தொட்டுக் காட்டி, இது காணுமே என்றார். காணாது, இன்னும் தடிப்பாக வேண்டும் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பார்கள், ஈர்க்குப் போல ஒன்றை நட்டு வைத்தால் என்ன நினைப்பார்கள்? அடியிலிருந்து பிரிகிற, என் மணிக்கட்டுத் தடிப்பில் இருந்த கொப்பை விரலால் காட்டினேன். அவர் மரம் அறுக்கிற வாளை எடுத்து வந்தார். தூறிக்கொண்டிருந்தது. அறுத்து முடித்ததும் அந்த வெட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மழை படுகிறதாம். பிறகு ஒரு பொலித்தீன் பை எடுத்து வந்து கட்டினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஐயர் வந்துவிட்டார், இங்கே ஒருவர் மரத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறார் என்று உள்ளே வந்து உன் மாமிமாரிடம் சொல்லிச் சிரித்தேன்.

கொப்பை நட்டோம். நவதானியம் போட்டு, பால் ஊற்றி, எல்லாம் முறைப்படி செய்தோம். படம் எடுத்தோம். மாமிமார் சாப்பிடப் போன பிறகு நீ குசினிக்குள் வந்தாய். தலையில் பூ இருந்தது. நான் சோற்றுப் பானையை வடித்துக்கொண்டிருந்தேன். நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அம்மா, இப்ப நிப்பாட்ட ஏலாதா?" என்று கேட்டாய்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒரு தாய் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. அவன் ஏதாவது சொன்னானா, செய்தானா, உனக்கு என்ன தெரிந்தது, எதைக் கண்டு பயந்தாய், ஒன்றும் கேட்கவில்லை. பானையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"கன்னிக்கால் ஊண்டியாச்சு, பிள்ளை. இனி ஏலாது," என்றேன்.

நீ கையை எடுத்தாய். தண்ணீர் குடித்தாய். போய்விட்டாய். அப்பா பின்கதவடியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு நின்றார், அவருக்குக் கேட்டுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் சோற்றைக் கிளறினேன். அன்று இரவு, பிள்ளை ஏதோ கேட்டதே என்று மெல்லத் தொடங்கினார். பயம்தான், எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான், எனக்கும் வந்ததுதானே என்று சொல்லி லைட்டை அணைத்தேன்.

மற்றது உனக்குத் தெரியும், நான் எழுதத் தேவையில்லை. நாள் கணக்கில் உன்னோடு பேசாமல், நீ இருக்கிறாய் என்பதையே காட்டிக்கொள்ளாமல் இருக்கத் தெரிந்த ஒருவனோடு மூன்று வருடம் இருந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே வருவாய். வீட்டுக்குள் இருக்க மாட்டாய், கோட்டைப் போட்டுக்கொண்டு மரத்தடிக் கதிரையில் போய் இருப்பாய். அப்பா இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வருவார். நீங்கள் என்ன கதைத்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. குசினி ஜன்னலால் பார்த்து, தகப்பனும் மகளும் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் பொய். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. நீ அவனை விட்டுவிட்டு வந்த பிறகும் ஒரு வருடம் சொந்தக்காரருக்கு, அவள் வேலை விஷயமாகத் தனியாக இருக்கிறாள் என்றுதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது உன் காதுக்கு வந்ததும் எனக்குத் தெரியும்.

கலியாணத்துக்குப் பிறகு இரண்டாவது கோடையில் மரத்தின் ஒரு பக்கத்து இலைகள் மினுங்கத் தொடங்கின. பச்சைக்கு மேலே வெள்ளி பூசின மாதிரி. வெயிலில் பார்க்க அவ்வளவு வடிவு. அம்மன் வெள்ளி சாத்தினது போல இருக்கிறது, பிள்ளைக்கு நல்ல காலம் வரப்போகிறது என்று அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஓம் என்றார். அவருக்கு அது என்னவென்று தெரியும். இலை வெள்ளியாவதுதான் அந்தப் பூஞ்சண நோயின் முதல் அடையாளம். அடுத்த வருடம் ஒரு பக்கக் கொப்புகள் காய்ந்தன. அதற்கடுத்த வருடம் மற்றப் பக்கம். நீ என்ன நடந்தது என்று கேட்டபோது, மரத்துக்கும் வயசு போகுதெல்லோ என்று உன்னிடம் சொன்னார். அந்த மரத்துக்கு அப்போது பெரிய வயதில்லை. கவனித்தால் இன்னும் எத்தனையோ வருடம் நின்றிருக்கும். பிறகு அவரே வருத்தம் வந்து படுத்தார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் மரத்தை யாரும் பார்க்கவில்லை.

அவர் போன அடுத்த ஆடியில் ஓர் ஆளைப் பிடித்து மரத்தை வெட்டுவித்தேன். ஒவ்வொரு துண்டையும் அவன் எனக்குத் தூக்கிக் காட்டினான், நடுவில் மண்ணிறமாக ஒரு கறை, மேலிருந்து அடிவரைக்கும். அடிக்கட்டையில் அந்தப் பழைய வெட்டு வாய் மூடாமலே இருந்தது. டெரிக் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, உன் புருஷன் நல்ல மனிதன், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மடையன் என்றார். இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்தும் நடுக் குளிரில் போய் அறுத்தாயே, ஏன் என்று அப்பாவிடம் கேட்டாராம். தெரியாமல் செய்துவிட்டேன், மறந்துபோனேன் என்று அப்பா சொன்னாராம். அந்தக் கோபத்தில் டெரிக் ஒரு கோடை முழுவதும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அப்பா இதை எனக்குச் சொல்லவேயில்லை. அந்தக் கோடையில் வேலியடியில் போய் நின்றுவிட்டு, டெரிக்கோடு கதைக்காமலே திரும்பி வருவார், ஏன் என்று நான் கேட்டதில்லை. டெரிக்குக்கு அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இந்தச் சித்திரையில் நீ வந்தாய். பின்கதவைத் திறந்துகொண்டு போனவள், "அம்மா, ஓடி வாங்கோ" என்று கூப்பிட்டாய். விழுந்துவிட்டாயாக்கும் என்று பயந்து வந்தேன். நீ அடிக்கட்டைக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாய். மண்ணிலிருந்து ஏழெட்டுத் தளிர்கள், நல்ல பச்சை. நீ அழுதுகொண்டு சிரித்தாய். அப்பாவின் சாவீட்டில்கூட நீ என் முன்னால் அழவில்லை.

"இது அப்பான்ர மரந்தானே அம்மா? திரும்ப வருதெல்லோ?"

"ஓம்," என்றேன்.

அப்போது எனக்குத் தெரியாதென்று சொல்லித் தப்பலாம் என்று பார்த்தேன். தெரியும். அதற்கு முதல் கிழமைதான் டெரிக் சொல்லியிருந்தார், முடிச்சுக்குக் கீழே இருந்து வருவது ஸ்டெல்லா இல்லை, வேருக்காக ஒட்டிய அடிமரம் அது, மேல்மரம் செத்ததும் தன்பாட்டில் தலை நீட்டுகிறது, காட்டுச் செர்ரிதான், பழத்துக்கு உதவாது, வெட்டி விடு என்று. நீங்கள் திரைக்குள் நின்று தின்ற மரம் முழுவதாகச் செத்துவிட்டது. அதிலிருந்து ஒரு குச்சிகூட ஒட்டுவதற்கு மிச்சமில்லை. இருந்தாலும் நோய் உள்ள குச்சி, ஒட்டினால் உன் மரமும் சாகும்.

இந்த ஏழு மாதமாகக் காலையில் எழும்பியதும் பின்கதவால் அந்தத் தளிர்களைத்தான் பார்க்கிறேன். இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டன. ஒரு நாள் கத்தரிக்கோலோடு போனேன். யாரோ வெட்டிவிட்டார்கள், நரி கடித்துவிட்டது என்று உனக்குச் சொல்லிவிடலாம் என்று. அங்கே நின்றபோதுதான் இன்னொரு பொய்யையும் தயாராக்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. திரும்பி வந்துவிட்டேன். கடவுளிடம் கேட்கவும் வாய் வரவில்லை. அவருக்கு முறையாகச் செய்கிறேன் என்றுதானே இவ்வளவையும் செய்தேன். எனக்கு எழுபத்தொரு வயது. நான் செய்தது பிழை என்று என்னிடம் சொல்ல இந்த வீட்டில் இருந்த ஒரே ஆள், சொல்லாமலே போய்விட்டார். கடிதத்தின் கடைசியில் எல்லாம் சரிவரும் என்று எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதை வாசித்த பிறகு நீ சனிக்கிழமை வருவாய் என்றும் நான் நினைக்கவில்லை.

இப்போது கார்த்திகை, மண்ணில்லாமல் வெறும் வேரோடு மரம் வாங்குகிற காலம் இது. ஸ்டெல்லா வாங்கு. குள்ள அடிமரம். ஈரம் வடிகிற மேடு. முடிச்சு வெளியே தெரிய வேண்டும். காற்றுக்கு ஒரு முட்டுக்கால் வை. அடியிலிருந்து தளிர் வந்தால், எவ்வளவு பச்சையாக இருந்தாலும், பிடுங்கிவிடு. ஆடியில் மட்டும் வெட்டு. வேறு யார் வந்து, எந்தக் காரணத்துக்காக, எந்த மாதத்தில் கேட்டாலும், கேட்பது நானாகவே இருந்தாலும், ஒரு கொப்பும் கொடுக்காதே. அது அப்பாவின் மரமாக இருக்காது. நீ கடையில் வாங்கிய ஒரு மரமாக இருக்கும், அவ்வளவுதான்.

நீ இந்த வீட்டில் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாய். இரண்டுக்கும் நான் ஒரு வரியில் பதில் சொன்னேன், இரண்டும் பொய். இது அப்பாவின் மரம்தானே என்று கேட்டாய். இல்லை, பிள்ளை. அது எங்கே போனதென்று மேலே எழுதிவிட்டேன்.

இப்போது நிற்பாட்ட ஏலாதா என்று கேட்டாய். ஏலும். ஐயருக்கு ஒரு டெலிபோன், கலியாண ஹோலுக்கு ஒன்று, சமையல்காரருக்கு ஒன்று, அவர்கள் வீட்டுக்கு ஒன்று. நாலு டெலிபோனில் முடிந்திருக்கும். அப்பா கதவடியில்தான் நின்றார், நான் தலையை ஆட்டியிருந்தால் அவரே எடுத்திருப்பார். அந்தக் கொப்பு வெறும் கொப்புத்தான். அன்றைக்கே எனக்கு அது தெரியும்.

அம்மா